லேபிளில் "கிரான் ரிசர்வா": சிலி பாட்டில் 9 யூரோ, ரியோஹா பாட்டில் 28 யூரோ. எதை நம்பி வாங்குவது?

#1 சாரல்

சிவப்பு ஒயின் ஆறு பாட்டில் வாங்கணும், ஆறும் வேற வேற பகுதியா இருக்கணும். ஐரோப்பியக் கடை விலைதான், பாட்டிலுக்கு 15 முதல் 25 யூரோ வரை போகலாம். அலமாரி முன்னாடி நின்னா தலை சுத்துது. சிலி "கிரான் ரிசர்வா" 9 யூரோ, ரியோஹா "கிரான் ரிசர்வா" 28 யூரோ. "சாந்தெமிலியோன் கிரான் குரூ"ன்னு தங்க எழுத்துல போட்டது 17 யூரோதான். பழைய கொடின்னு ஒண்ணு, பதக்கம் ஒட்டினது ஒண்ணு. இதுல எந்தச் சொல்லுக்குப் பொருள் இருக்கு, எது சும்மா அலங்காரம்?

#2 பீப்பாய்க்காரர்

சொல் ஒன்றுதான். அதற்குப் பின்னால் இருக்கும் சட்டம் ஊருக்கு ஊர் வேறு.

ஸ்பெயினின் ரியோஹாவில் இவை மாதக் கணக்கைக் குறிக்கும் சொற்கள். கிரியான்சா என்றால் மொத்தம் 2 ஆண்டு, அதில் ஓராண்டாவது 225 லிட்டர் ஓக் பீப்பாயில். ரிசர்வா 3 ஆண்டு. குறைந்தது 12 மாதம் பீப்பாயிலும் 6 மாதம் பாட்டிலிலும். கிரான் ரிசர்வா 5 ஆண்டு. பீப்பாயில் 2, பாட்டிலில் 2. பாட்டிலின் பின்பக்கம் எண் போட்ட சீட்டு ஒட்டியிருக்கும், நிறத்தைப் பாருங்கள்: கிரியான்சா சிவப்பு, ரிசர்வா கருஞ்சிவப்பு, கிரான் ரிசர்வா நீலம், மற்றதெல்லாம் பச்சை.

சிலியில் இந்தச் சொற்களுக்கான விதி பெரும்பாலும் ஆல்கஹால் அளவைப் பற்றியது. குறைந்தபட்சத்தைவிட அரை சதவீதம் கூடுதலாக இருந்தாலே ரிசர்வா. மரத்தில் எத்தனை மாதம் என்ற எண் கிடையாது. அர்ஜென்டினா நடுவில் நிற்கிறது: சிவப்புக்கு ரிசர்வா 12 மாதம், கிரான் ரிசர்வா 24 மாதம். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்திலும் ஆஸ்திரேலியாவிலும் "ரிசர்வ்" என்ற சொல்லுக்குச் சட்டப் பொருளே இல்லை. யாரும் எதிலும் அச்சடிக்கலாம்.

விலையை இன்னொரு பக்கமிருந்தும் சரிபார்க்கலாம். புதிய பிரெஞ்சு ஓக் பீப்பாய் ஒன்று ஏறக்குறைய 800 முதல் 1000 யூரோ. 225 லிட்டரை 750 மில்லியால் வகுத்தால் 300 பாட்டில். ஆக மரத்துக்கு மட்டும் பாட்டிலுக்கு 3 யூரோ. 9 யூரோ பாட்டிலில் வரி, கப்பல் கூலி, கடை லாபம், கண்ணாடி எல்லாம் கழித்தபின் அந்த 3 யூரோவுக்கு இடம் ஏது? அதில் அடிக்கும் வெனிலா மணம் தொட்டியில் ஊறிய ஓக் சீவலிலிருந்தோ பலகையிலிருந்தோ வந்திருக்கும். இது திருட்டுத்தனம் அல்ல. ஐரோப்பிய ஒன்றியமும் 2006 முதல் சீவலை அனுமதிக்கிறது. ஆனால் சீவல் மணத்தை மட்டும்தான் தரும். பீப்பாய்ப் பலகை வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று புகுந்து துவர்ப்பை மென்மையாக்குமே, அந்த வேலை சீவலால் ஆகாது. மூக்குக்கு வெனிலா, வாய்க்குக் கரடுமுரடு என்று வந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

#3 குடுவை

பீப்பாய்க்காரர் சொன்ன எண்கள் எல்லாம் சரி. அதைப் படித்துவிட்டு "நீலச் சீட்டு பச்சைச் சீட்டைவிட உசத்தி" என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அந்தச் சொற்கள் ஊறிய காலத்தைச் சொல்கின்றன, தரத்தைச் சொல்வதில்லை. பச்சைச் சீட்டில் 5 யூரோ இளம் ஒயினும் இருக்கிறது, ஒரே தோட்டத்திலிருந்து வந்த 60 யூரோ ஒயினும் இருக்கிறது. மாதக் கணக்குக்குக் கட்டுப்பட விரும்பாத நல்ல ஆலைகள் பச்சையிலேயே விற்கின்றன. ஆர்த்தாடி என்ற பெயர்பெற்ற ஆலை 2015 இறுதியில் ரியோஹா முத்திரையையே விட்டு வெளியேறியது. அதன் பிறகுதான் 2017இல் "வின்யேதோ சிங்குலார்" என்று தனித்தோட்டப் பிரிவு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கொடிக்குக் குறைந்தது 35 வயது ஆகியிருக்க வேண்டும்.

இன்னொன்று. கிரான் ரிசர்வாவில் பழத்தின் புதுமை போய்விட்டிருக்கும். தோல், புகையிலை, உலர்ந்த அத்தி, தேங்காய் மணங்கள்தான் முன்னால் நிற்கும். தேங்காய் அமெரிக்க ஓக்கின் கொடை. பழச் சுவை வேண்டும் என்பவர் 28 யூரோ கொடுத்து இதை வாங்கினால் "ஒயின் செத்துப்போச்சு" என்றுதான் சொல்வார்.

உங்கள் பட்ஜெட்டுக்கு ரிசர்வாதான் சரியான படி. முகா, குனே, லா ரியோஹா ஆல்டா எல்லாம் நம்பிக்கையான பழைய ஆலைகள். லா ரியோஹா ஆல்டாவின் "வின்யா ஆர்தான்சா" 25 யூரோவை ஒட்டியோ கொஞ்சம் தாண்டியோ வரும். தெம்ப்ரனியோ ரகத் திராட்சையுடன் கர்னாச்சா ரகம் கலந்தது, அமெரிக்க ஓக்கில் வளர்ந்தது. பழைய பாணி ரியோஹா என்றால் என்ன என்பதற்கு அதைவிட நல்ல பாடம் அந்த விலையில் இல்லை.

#4 சாரல்

அப்ப பச்சைச் சீட்டுல நல்லதையும் சாதாரணத்தையும் எப்படிப் பிரிக்கிறது?

#5 பீப்பாய்க்காரர்

குடுவையின் திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். நான் காலத்தை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கக் கூடாது.

பாட்டிலைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படியுங்கள். யார் பாட்டிலில் அடைத்தார்கள் என்பது அங்கே கட்டாயம் இருக்கும். பிரான்ஸில் "மி ஆன் புத்தேய் ஓ ஷாத்தோ" அல்லது "ஓ தொமேன்", இத்தாலியில் "இம்போத்திலியாத்தோ அல்லோரிஜினே", ஸ்பெயினில் "எம்போதெல்யாதோ என் லா ப்ரோப்பியெதாத்". இதெல்லாம் திராட்சை விளைந்த இடத்துக்காரரே அடைத்தது என்று பொருள். அந்த இடத்தில் ஒரு நிறுவனத்தின் பெயர்கூட இல்லாமல் குறியீட்டெண்ணும் தபால் எண்ணும் மட்டும் இருந்தால், எங்கோ மொத்தமாக வாங்கி, கடைக்காரர் கேட்ட பெயரில் அடைத்துக் கொடுத்தது. முன்பக்கம் கோட்டைப் படம் இருந்தாலும் அப்படித்தான்.

அடுத்து இடப்பெயர். பெயர் குறிக்கும் நிலம் எவ்வளவு சிறியதோ அவ்வளவு கட்டுப்பாடு. "சவுத் ஈஸ்டர்ன் ஆஸ்திரேலியா" என்று ஒரு பெயரைப் பார்த்திருப்பீர்கள். நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, டாஸ்மேனியா முழுதும், குயின்ஸ்லாந்திலும் தெற்கு ஆஸ்திரேலியாவிலும் ஒரு பகுதி, எல்லாம் அதற்குள் அடக்கம். அது ஒரு ஊரே இல்லை.

கனமான பாட்டில், ஆழமான அடிக்குழி, மெழுகு முத்திரை மூன்றையும் மறந்துவிடுங்கள்.

#6 கூழாங்கல்

பிரான்ஸின் போர்தோவை நான் எடுத்துக்கொள்கிறேன். அந்த 17 யூரோ "கிரான் குரூ" கேள்விக்குப் பதில் சொல்லாமல் போகக் கூடாது.

"சாந்தெமிலியோன் கிரான் குரூ" என்பது போர்தோவுக்குள் ஒரு பகுதிப் பெயர். விளைச்சல் கொஞ்சம் குறைவு, ஊறும் காலம் கொஞ்சம் கூடுதல் என்ற விதிகளோடு நூற்றுக்கணக்கான தோட்டங்களுக்குக் கிடைக்கும் பெயர். தரவரிசை வேண்டுமென்றால் அதன் பின்னால் "கிளாஸே" என்ற சொல்லைத் தேடுங்கள். 2022 பட்டியலில் அப்படி 85 தோட்டங்கள்: 71 கிரான் குரூ கிளாஸே, 14 பிரெமியே கிரான் குரூ கிளாஸே. அந்த 14இலும் மேல்நிலையில் பவீ, ஃபிஜாக் இரண்டு மட்டும். ஷெவால் பிளான், ஓசோன், ஆஞ்ஜெலுஸ் மூன்றும் பட்டியலே வேண்டாம் என்று விலகிக்கொண்டவை. ஆகப் பட்டியலில் இல்லாததாலேயே ஒரு ஒயின் மட்டம் ஆகிவிடாது. "கிளாஸே" இல்லாத "கிரான் குரூ"வை மட்டும் பார்த்து மயங்காமல் இருந்தால் போதும். "கிரான் வான் தெ போர்தோ" என்பதோ முழு அலங்காரம்.

மேதோக் பக்கம் 1855இல் போட்ட தரவரிசைப் பட்டியல். நாள்பட்டது, பெரிய மாற்றம் என்றால் 1973இல் மூத்தோன் ரோத்ஷில்ட் முதல் நிலைக்கு ஏறியதைத்தான் சொல்லலாம். அந்தப் பட்டியல் உங்கள் பட்ஜெட்டுக்கு வெளியே. உள்ளே இருப்பது "குரூ பூர்ஜ்வா". 2020 முதல் அதற்கு மூன்று படி: குரூ பூர்ஜ்வா, சுப்பீரியர், எக்ஸெப்சியோனெல். பாட்டிலில் ஸ்டிக்கர் இருக்கும்.

ஆற்றுக் கரை வித்தியாசம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இடக்கரை, அதாவது மேதோக், சரளைக்கல் நிலம். கல் பகலில் சூடேறி, நீரைச் சட்டென்று வடித்துவிடும். மெதுவாகப் பழுக்கும் கபர்னே சோவின்யோன் ரகத்துக்கு அந்தச் சூடு தேவை. வலக்கரையில் களிமண்ணும் சுண்ணாம்பும். ஈரமும் குளிர்ச்சியும் நிற்கும். மெர்லோ ரகம் அங்கே நன்றாக வரும். குளிர்ந்த ஆண்டில் இடக்கரையில் கபர்னே முழுதாகப் பழுக்காமல் குடமிளகாய் மணம் அடிக்கும். அந்த மணம் கொஞ்சமாக இருந்தால் அழகு. வெட்டிய பச்சைக் குடமிளகாயையே மூக்கருகே வைத்தது போல இருந்தால் பழுக்காத பழம்.

இங்கே ஆண்டு முக்கியம். 2013 மழை, 2017 ஏப்ரல் பனிக்கருகல், 2021 பனிக்கருகலோடு பூஞ்சையும். 2016, 2019, 2020, 2022 நல்லவை. நல்ல ஆண்டில் சின்னத் தோட்டத்தைத் துணிந்து வாங்கலாம். மோசமான ஆண்டில் பெரிய தோட்டத்தைத் தவிர எதையும் தொடாதீர்கள், ஏனென்றால் கெட்ட பழத்தைப் பொறுக்கி எறிய ஆளும் பணமும் அவர்களிடம்தான் இருக்கும். 20 யூரோவுக்குப் பார்க்க வேண்டிய பெயர்கள்: ஃப்ரோன்சாக், காஸ்தியோன், லலாந்த் தெ பொமெரோல், மூலிஸ், ஓ மேதோக்.

#7 சாரல்

நன்றி. பிரான்ஸ்லயே பர்கண்டி? "ஷம்பெர்தான்"னு போட்டது ஒண்ணு 300 யூரோ, இன்னொண்ணு 48 யூரோ. ரெண்டுலயும் அதே பேர்தானே?

#8 குடுவை

இல்லை. ஒன்றில் "ஷம்பெர்தான்", மற்றதில் "ஜெவ்ரே ஷம்பெர்தான்" என்று இருந்திருக்கும். முதலாவது ஒரு தோட்டம், கிரான் குரூ, பர்கண்டியில் அதுதான் உச்ச நிலை. இரண்டாவது ஊர். அந்த ஊர்க்காரர்கள் 1847இல் தங்கள் ஊர்ப் பெயரோடு புகழ்பெற்ற தோட்டத்தின் பெயரை ஒட்டிக்கொண்டார்கள். பிறகு வோன் ரொமனே, ஷம்போல் முசினி என்று பக்கத்து ஊர்களும் அதே வேலையைச் செய்தன. பெயர் இரட்டையாக இருந்து, "பிரெமியே குரூ" (அதற்கு அடுத்த நிலை) என்ற சொல்லும் இல்லையென்றால், பெரும்பாலும் அது ஊர் நிலை.

கிரான் குரூ தோட்டங்கள் 33. அதில்கூடக் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. க்ளோ தெ வூஜோ 50 ஹெக்டேர், சுமார் 80 பேருக்குச் சொந்தம். மேட்டுப் பகுதியும் சாலையோர ஈரப் பகுதியும் ஒரே பெயரில் வருகின்றன. பர்கண்டியில் தோட்டப் பெயருக்கு முன் ஆள் பெயரைப் பாருங்கள்.

20 யூரோவுக்குள் என்றால் இந்த ஊர்கள் இருக்கும் கோத் தெ நுய் பக்கம் போகவே வேண்டாம். மெர்க்கூரே, ஜிவ்ரி ஊர்கள், அல்லது நல்ல தொமேனின் (சொந்தத் தோட்ட ஆலையின்) சாதாரண "பூர்கோன்" (பர்கண்டி). அதைவிட என் ஓட்டு பர்கண்டிக்குத் தெற்கே இருக்கும் பொஜொலேவுக்கு. நவம்பரில் வரும் "நுவோ"வைச் சொல்லவில்லை. பத்து குரூக்களை, அதாவது தனிப்பெயர் பெற்ற பத்து இடங்களைச் சொல்கிறேன். மொர்கோன், முலான் ஆ வான், ஃப்ளேரி, கோத் தெ ப்ருய்யி இப்படிப் பத்து. லேபிளில் பொஜொலே என்ற சொல்லே இல்லாமல் இருக்கலாம், அதனால் பலர் கடந்து போய்விடுவார்கள். கமே ரகம், கருங்கல் மண், துவர்ப்பு குறைவு, 14 முதல் 20 யூரோ. அந்த விலையில் பர்கண்டியின் பினோ நுவார் ரகம் தர முடியாததை இது தரும்.

#9 மூடுபனி

இத்தாலியின் பிமோந்தே பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, நான் திறக்கிறேன்.

அங்கே விளையும் பரோலோவைக் கண்ணாடியில் ஊற்றினால் முதலில் ஏமாற்றம்தான். நெபியோலோ ரகத்துக்கு நிறம் குறைவு. கிளாஸைச் சாய்த்துப் பிடித்தால் அடியில் இருக்கும் செய்தித்தாளின் எழுத்து தெரியும். விளிம்பு இளவயதிலேயே செங்கல் நிறத்துக்குத் திரும்பும். "நீர்த்துப்போச்சு, பழசாகிவிட்டது" என்று நினைப்பீர்கள். ரோஜா, உலர்ந்த செர்ரி, கொஞ்சம் தார் மணம். ஒரு மடக்கு வாயில் வைத்ததும் அந்த வெளிர் நிறத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் ஈறு முழுக்க இறுக்கிப் பிடிக்கும். மேலுதடு பல்லோடு ஒட்டும்.

இந்தத் துவர்ப்பை எடைபோடத் தமிழ் நாக்குக்குத் தனிப் பயிற்சி தேவையில்லை. ஆறு சுவையில் ஒன்றாக எண்ணி வளர்ந்தவர்கள் நாம். பழுத்த துவர்ப்பு மாதுளை போல: ஈறு முழுக்கப் பரவி, எச்சில் ஊறியதும் விலகும், பின்னால் பழச்சுவை நிற்கும். பழுக்காத துவர்ப்பு வாழைக்காய்ப் பிஞ்சைக் கடித்தது போல: நாக்கின் அடிப்பக்கம் கசந்து, போகாமல் உட்காரும். முதலாவது பாட்டிலில் இருக்க இருக்க இளகும். இரண்டாவது இளகாது. எந்தப் பகுதிச் சிவப்பானாலும் "வைத்துக் குடிக்கலாமா" என்று முடிவு செய்ய இந்த ஒரு சோதனை போதும்.

விதிகள்: பரோலோ குறைந்தது 38 மாதம், அதில் 18 மரத்தில்; ரிசர்வா 62 மாதம். அதே ரகத்தின் பக்கத்துப் பகுதி ஒயினான பார்பரெஸ்கோ 26 மாதம், 9 மரத்தில். பரோலோ 11 ஊர்களில் விளைகிறது. லா மொர்ரா, பரோலோ ஊர்ப் பக்கம் மணமும் மென்மையும். செர்ரலுங்கா, மொன்ஃபோர்த்தே பக்கம் முரட்டு உடம்பு, பத்து வருடம் காத்திருக்க வேண்டும்.

25 யூரோவுக்கு உருப்படியான பரோலோ அபூர்வம். அதே காசுக்கு, சுற்றியுள்ள லாங்கே குன்றுகளின் பெயரில் வரும் "லாங்கே நெபியோலோ" எடுங்கள். பெரிய தோட்டங்களின் இளம் கொடிகளும், அந்த ஆண்டு பரோலோவுக்குப் போதாது என்று ஒதுக்கிய தொட்டிகளும் இதில்தான் வந்து சேரும். "ப்ரொதுத்தோரி தெல் பார்பரெஸ்கோ" என்று 1958இல் தொடங்கிய விவசாயிகள் கூட்டுறவு ஒன்று இருக்கிறது. கூட்டுறவு என்றால் மட்டம் என்ற எண்ணத்தை அதன் லாங்கே நெபியோலோ மாற்றிவிடும்.

#10 சாரல்

தள்ளுபடிக் கடையில 16 யூரோவுக்கு பரோலோ பார்த்தேனே?

#11 மூடுபனி

டிஓசிஜி (இத்தாலியின் உச்ச நிலை இடப்பெயர் முத்திரை) காகிதப் பட்டி கழுத்தில் இருக்கும், போலி இல்லை. மொத்தச் சந்தையில் மிஞ்சியதை வாங்கி அடைத்தது. துவர்ப்பு முழுதாக இருக்கும், மணம் இருக்காது. "பரோலோ என்றால் இவ்வளவுதானா" என்று வாழ்நாள் முழுக்க ஒதுக்கிவிடுவீர்கள். தொடாதீர்கள்.

தோஸ்கானாவிலும் இதே கணக்கு. விலை கூடிய ப்ருனெல்லோவுக்குப் பதில் அதே ஊரின் ரோஸ்ஸோ தி மொந்தால்சீனோ. கியாந்தியில் கழுத்தில் கருஞ்சேவல் இருந்தால் "கியாந்தி க்ளாசிகோ", சேவல் இல்லாத வெறும் "கியாந்தி" வேறு நிலம், வேறு விதி. க்ளாசிகோவில் சஞ்சோவேசே ரகம் குறைந்தது 80 சதவீதம். ரிசர்வா 24 மாதம், கிரான் செலெத்சியோனே 30 மாதம். 15 முதல் 18 யூரோ சாதாரண க்ளாசிகோ, தக்காளி போட்ட எந்தச் சாப்பாட்டுக்கும் கச்சிதம். தக்காளிப் புளிப்புக்கு ஈடுகொடுக்கும் புளிப்பு அதில் உண்டு.

#12 கூழாங்கல்

பிரான்ஸின் ரோன் பள்ளத்தாக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வடக்கில் சிவப்பு முழுக்க சிரா ரகம். ஹெர்மிதாஜ் குன்று சுமார் 130 ஹெக்டேர்தான், அதைச் சுற்றிப் பரந்த குரோஸ் ஹெர்மிதாஜ் 1,700 ஹெக்டேருக்கு மேல். குரோஸில் நல்லதும் உண்டு, தட்டைச் சமவெளியில் இயந்திரத்தால் பறித்ததும் உண்டு; 15 யூரோவுக்குக் கீழே போகாதீர்கள். தெற்கே கிரெனாஷ் (ஸ்பெயினின் கர்னாச்சாதான்). ஷாத்தோநெஃப் து பாப் 20 யூரோவுக்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். விளைச்சலுக்கு ஹெக்டேருக்கு 35 ஹெக்டோலிட்டர் (3,500 லிட்டர்) என்ற உச்சவரம்பு இருக்கிற இடத்தில் அந்த விலை கட்டாது. பதிலாக ஜிகோந்தாஸ், வாக்கெராஸ், ரஸ்தோ ஊர்கள்.

#13 பீப்பாய்க்காரர்

புதிய உலகம், அதாவது ஐரோப்பாவுக்கு வெளியே. ரகப் பெயர் போட்டிருந்தால் ஆஸ்திரேலியாவில் குறைந்தது 85 சதவீதம் அந்த ரகம், அமெரிக்காவில் 75தான். "கபர்னே" என்று வாங்குவதில் கால்வாசி வேறாக இருக்கலாம். கலிஃபோர்னியாவின் நாப்பாவில் 25 யூரோ உங்களுக்கு ஒன்றும் தராது. 2020 நாப்பாவில் அறுவடை நேரத்துக் காட்டுத்தீ. பழத்தோலில் ஏறிய புகை, குடித்து முடித்தபின் தொண்டையில் சாம்பலாக வந்து நிற்கும். அந்த ஆண்டு பல ஆலைகள் சிவப்பே வெளியிடவில்லை.

தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோஸாவில் "ஓல்ட் வைன்" (பழைய கொடி) என்பதற்கு ஒரு ஒப்பந்தம் உண்டு: 35 ஆண்டு ஓல்ட், 70 சர்வைவர், 100 சென்டினேரியன், 125 ஆன்செஸ்டர். தெற்கு ஆஸ்திரேலியாவை கொடியின் வேரை அழிக்கும் ஃபிலாக்ஸெரா பூச்சி தொடாததால் இவ்வளவு பழைய கொடிகள் அங்கே நிஜமாகவே நிற்கின்றன. தென்னாப்பிரிக்காவிலும் 35 வயது தாண்டிய தோட்டங்களுக்கு நட்ட ஆண்டோடு முத்திரை உண்டு. பிரான்ஸில் "வியெய் வீன்" (பழைய கொடி) என்பதற்குச் சட்ட வயது இல்லை.

அர்ஜென்டினாவில் மெந்தோசா என்று மட்டும் இருந்தால் கீழே வெயில் சமவெளியாகவும் இருக்கலாம். "வாலே தெ உக்கோ" அல்லது அதற்குள் "குவால்தாயாரி", "அல்தாமிரா" என்று தேடுங்கள். 1,000 மீட்டருக்கு மேல், இரவு குளிர், மால்பெக் ரகம் புளிப்பை இழக்காது. சிலியில் கார்மெனேர்: 1994 வரை மெர்லோ என்றே நினைத்துக்கொண்டிருந்த கொடிகள். தாமதமாகப் பழுக்கும் ரகத்தை மெர்லோவோடு சேர்த்துப் பறித்ததால்தான் பழைய சிலி "மெர்லோ" பச்சையாக மணந்தது.

தென்கோளத்தில் அறுவடை பிப்ரவரி முதல் ஏப்ரல். அதே 2022 என்றாலும் பிரான்ஸ் ஒயினைவிட ஆறு மாதம் மூத்தது.

#14 அடையாறு_வாசி

இதெல்லாம் சரி, சென்னையில இருக்கிறவங்க என்ன பண்றது? வீட்டுக்குள்ள 32 டிகிரி. கடையிலயும் ஏசி பாதி நேரம்தான்.

#15 குடுவை

உங்களுக்கு லேபிளைவிட கார்க் முக்கியம். சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கை மேலே தள்ளும். உறை மேலே புடைத்திருக்கிறதா, கழுத்தில் பிசுபிசுப்பு இருக்கிறதா, ஒயின் மட்டம் பக்கத்துப் பாட்டில்களைவிடக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் வைத்துவிடுங்கள். ஜன்னலோர அலமாரியிலும் விளக்கடியிலும் நிற்பதை எடுக்காதீர்கள். திருகுமூடி இருந்தால் கசிவுக் கவலை குறையும். வெந்த ஜாம் சுவை வராது என்பதற்கு மட்டும் உத்தரவாதம் இல்லை.

வீட்டில் தனி ஒயின் பெட்டி இல்லையென்றால் சாதாரண ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு. சில மாதங்களுக்கு ஒன்றும் ஆகாது. 12 முதல் 14 டிகிரி இலட்சியம். 4 டிகிரி மோசமில்லை. 32 டிகிரிதான் கொலை.

பரிமாறும் சூடு: பினோ, கமே 13 முதல் 15, போர்தோ, பரோலோ, ரோன் 16 முதல் 18. "அறைச் சூட்டில்" என்று புத்தகம் சொல்வது பிரெஞ்சுக் கல்வீட்டு அறை. 30 டிகிரிப் பாட்டிலை 17க்குக் கொண்டுவர ஃபிரிட்ஜில் ஒன்றரை மணி நேரம், பனிக்கட்டியும் தண்ணீரும் பாதிப்பாதி உள்ள வாளியில் 10 முதல் 15 நிமிடம். வெறும் பனிக்கட்டி மட்டும் போட்டால் பாட்டிலோடு சரியாக ஒட்டாது, நேரமாகும். ஒயின் 25 டிகிரியைத் தாண்டினால் ஆல்கஹால் முதலில் மூக்கில் ஏறி, நல்ல ஒயினும் மட்டமாகத் தெரியும்.

#16 பீப்பாய்க்காரர்

இந்தியாவில் வாங்குபவருக்கு இன்னொரு கணக்கு. 2022 டிசம்பர் 29 முதல் இந்தியா, ஆஸ்திரேலியா வர்த்தக ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது. இறக்குமதி விலை பாட்டிலுக்கு 5 அமெரிக்க டாலருக்கு மேல் என்றால் சுங்கம் 150 சதவீதத்திலிருந்து 100 ஆனது, பத்தாண்டில் 50 ஆகும்; 15 டாலருக்கு மேல் என்றால் 75இல் தொடங்கி 25க்கு இறங்கும். கடை விலை இல்லை, இறக்குமதி விலை. மாநில வரி தனி. ஆனாலும் நடுத்தர விலை ஷிராஸ் (சிராவுக்கு அங்கே வழங்கும் பெயர்) வாங்க ஆஸ்திரேலியாவைப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது.

நாசிக் சிவப்பு வாங்கினால் ஆண்டைப் பாருங்கள். அங்கே கொடி குளிர்காலத்தில் தூங்குவதில்லை. ஏப்ரலில் ஒரு கவாத்து, மழை முடிந்து செப்டம்பர் அக்டோபரில் ஒரு கவாத்து, ஜனவரி முதல் மார்ச்சுக்குள் அறுவடை. சாதாரண விலைப் பாட்டில் மூன்று ஆண்டுக்கு மேல் அலமாரியில் கிடந்தால் எடுக்க வேண்டாம்.

#17 சாரல்

பாட்டிலைத் திறந்தப்புறம் கெட்டதுன்னு எப்படித் தெரியும்? எனக்குப் பிடிக்கலையா, ஒயினே கெட்டதான்னு குழப்பம்.

#18 மூடுபனி

மணத்தை வைத்துப் பிரியுங்கள்.

மழையில் நனைந்த அட்டைப்பெட்டி, பூட்டிக்கிடந்த அறை: கார்க் கெடுதல், டிசிஏ என்ற சேர்மம். லிட்டருக்குச் சில நானோகிராமே போதும். லேசாக இருக்கும்போதுதான் ஏமாற்றும்; கெட்ட மணம் தெரியாது, பழ மணம் மட்டும் ஊமையாகிவிடும். காற்றாட வைத்தால் குறையாது, கூடும். மீதியை ஊற்றிவிடாமல் கார்க்கோடு கடைக்குத் திருப்பிக் கொடுங்கள், நல்ல கடை மாற்றித் தரும்.

அழுகிய முட்டை, எரித்த தீக்குச்சி: காற்றில்லாமல் அடைபட்டதால் வந்த கந்தக மணம். திருகுமூடியில் அதிகம். வேறு குடுவைக்கு மாற்றிக் கலக்கி அரை மணி விட்டால் பெரும்பாலும் போய்விடும். ஒயின் கெடவில்லை.

நகப்பூச்சு நீக்கி, காடி: ஆவியாகும் அமிலம். கொஞ்சம் இருக்கலாம், தூக்கலாக இருந்தால் குறை.

குதிரை லாயம், காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர்: பிரெட் என்ற ஈஸ்ட். ரோன் பக்கம் இதை ரசிப்பவர்களும் உண்டு. எனக்கு ஆகாது.

அடியில் மண்டி இருப்பது குறை இல்லை. ஒருநாள் முன்பே பாட்டிலை நிமிர்த்தி வைத்து, அசைக்காமல் மெதுவாக இறுத்து ஊற்றினால் போதும். வயதான ஒயினை மணிக்கணக்கில் குடுவையில் விடாதீர்கள், மணம் பறந்துவிடும். இளம் நெபியோலோவுக்கு இரண்டு மணி நேரம் தாராளமாகக் கொடுங்கள்.

#19 அடையாறு_வாசி

காரக் குழம்புக்கு எது?

#20 கூழாங்கல்

காரமும் துவர்ப்பும் ஒன்றையொன்று தூக்கிவிடும். 15 சதவீத பரோஸா ஷிராஸோடு ஆந்திர மிளகாய்க் கறி என்றால் வாய் எரிச்சல்தான். பொஜொலே குரூவைக் கொஞ்சம் குளிர வைத்து எடுங்கள்.

மிளகாய் வேறு, மிளகு வேறு. மிளகுக் கறிக்கு சிரா. இது கவிதை இல்லை, வேதியியல். குளிர்ந்த பகுதி சிராவில் மிளகு மணம் தரும் ரோட்டன்டோன் என்ற சேர்மமே கருமிளகிலும் இருக்கிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் கண்டுபிடித்தது. ஐந்தில் ஒருவருக்கு இந்த மணம் தெரியவே தெரியாது. குரோஸ் ஹெர்மிதாஜ் குடித்து "மிளகு எங்கே" என்று கேட்பவரிடம் சண்டை போடாதீர்கள்.

#21 சாரல்

அப்ப என் ஆறு: ரியோஹா ரிசர்வா, ஃப்ரோன்சாக், மொர்கோன், லாங்கே நெபியோலோ, குரோஸ் ஹெர்மிதாஜ், உக்கோ மால்பெக். சரியா? மொர்கோனுக்கு 91 மதிப்பெண்ணு கடையில அட்டை மாட்டியிருக்கான்.

#22 குடுவை

சரி. அட்டையில் எந்த ஆண்டு என்று பாருங்கள். 2020க்குக் கிடைத்த மதிப்பெண்ணை 2021 பாட்டிலுக்கு மேல் மாட்டுவது சகஜம். பதக்க ஸ்டிக்கரிலும் அப்படியே, ஆண்டும் போட்டியின் பெயரும் இல்லாத வட்டத் தங்கத்தாளைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

#23 பீப்பாய்க்காரர்

மொர்கோனை முதலில் திறங்கள், நெபியோலோவைக் கடைசியில். ரியோஹாவில் 2018, 2019 இரண்டும் இருந்தால் 2019. ரியோஹாவின் விதிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒழுங்காணையமே அதற்கு உச்ச மதிப்பீடு கொடுத்திருக்கிறது. கடையில் முன்வரிசையில் விளக்கு படும்படி நிற்கும் பாட்டிலை விட்டு, பின்னால் கை விட்டு எடுங்கள்.